உழைப்பு, பிழைப்பு, விளையாட்டு: பெங்களூரின் தோட்டங்களில் செயல்முறை சிகிச்சை

குழந்தைகளுக்கான செயல்முறை சிகிச்சையை மருத்துவ அறைக்கு வெளியே, மரத்தடியிலும் மணலிலும் மேடுபள்ளமான நிலத்திலும் நடத்தும் முறை அண்மைக் காலத்தில் ‘இயற்கை சார்ந்த சிகிச்சை’ என்ற பெயரில் பரவி வருகிறது. அமெரிக்காவில் ஆஞ்செலா ஹான்ஸ்கம் என்னும் குழந்தைநலச் செயல்முறை சிகிச்சையாளர் தொடங்கிய ‘டிம்பர்நூக்’ திட்டமும் 2016இல் அவர் வெளியிட்ட நூலும் இப்பெயரைப் பலரிடம் கொண்டுசேர்த்தன. பெங்களூரில் இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதனை மேற்கிலிருந்து புதிதாக வந்த ஒன்றாகவே கருதுகின்றனர். ஆனால் செயல்முறை சிகிச்சை பிறந்த இடமே தோட்டம்தான். அது அறைக்குள் சென்றதுதான் பிற்கால நிகழ்வு. பெங்களூரில் மட்டுமே குறைந்தது மூன்று வகையான தோட்டங்களில் அது கால்பதித்திருக்கிறது. முதல் தோட்டத்தில் அது உழைப்பாகவும், இரண்டாவதில் பிழைப்பாகவும், மூன்றாவதில் விளையாட்டாகவும் இருந்தது. இம்மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்காமல் ‘இயற்கை நல்லது’ என்று பொதுவாகச் சொல்வது வரலாற்றுக்கும் பொருந்தாது. குழந்தைகளுக்கும் நன்மை செய்யாது.

*

முதலில் சொல்லைப் பற்றி. ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்பது தமிழில் தொழில்முறை சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என்று பலவாறு வழங்குகிறது. ‘தொழில்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன தொழில் என்ற ஐயம் பெற்றோருக்கு எழுவது இயல்பு. துறை சார்ந்த பொருளில் ‘ஆக்குபேஷன்’ என்பது ஒருவரின் நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தையும் குறிக்கும். குளித்தல், உண்ணுதல், உடுத்தல், எழுதுதல், பிறரோடு பழகுதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். அந்த வகையில் குழந்தையின் முதன்மைச் செயல் விளையாட்டு. இக்கருத்துக்கு உறுதியான கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்கச் செயல்முறை சிகிச்சையாளர் மேரி ரெய்லி. 1961இல் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில், மருத்துவத்தின் நிழலில் ஒதுங்கிப்போன தம் துறை மனிதச் செயலின் ஆற்றலை மறந்துவிடக் கூடாது என்று அவர் வாதிட்டார். 1974இல் அவர் பதிப்பித்த நூல் விளையாட்டைத் தேடலின் வழியாக நிகழும் கற்றலாக விளக்கியது.

‘தொழில்’ என்ற மொழிபெயர்ப்பில் ஒரு வரலாற்று உண்மையும் ஒளிந்திருக்கிறது. இத்துறையின் தொடக்க காலத்தில் சிகிச்சையாகக் கருதப்பட்டது பெரும்பாலும் உடலுழைப்பே. அந்த உழைப்பு நடந்த இடம் பெரும்பாலும் தோட்டம்.

*

இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் சமயத்தவரான வில்லியம் டியூக் 1796இல் ‘ரிட்ரீட்’ என்ற மனநோய்க் காப்பகத்தைத் திறந்தார். சங்கிலியும் சவுக்கும் வழக்கமாயிருந்த காலத்தில் அங்கு நோயாளிகள் தோட்டத்தில் நடந்தனர், வேலை செய்தனர், முயல், கோழி போன்ற சிறு விலங்குகளோடு பழகினர். டியூக்கின் பெயரன் சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட விவரணை நூல் இம்முறையை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சின் ஃபிலிப் பினல், ஸ்பெயினின் சரகோசா காப்பகத்தில் வயல்வேலை நோயாளிகளைத் தேற்றியதைத் தம் நூலில் எடுத்துக்காட்டினார். அதே இடத்தில் உயர்குடி நோயாளிகள் உடலுழைப்பை இழிவாகக் கருதி விலகி நின்றதால் பயன்பெறவில்லை என்றும் அவர் கருதினார். சிகிச்சைக்கும் வர்க்கத்துக்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது.

1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடித் தொடங்கிய சங்கமே இத்துறையின் முறையான தொடக்கம். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயாலும் பக்கவாதத்தாலும் துன்புற்ற அவர் தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்து தம் உடலைத் தாமே மீட்டெடுக்க முயன்றவர். அவர் தாமே தேர்ந்தெடுத்த செயலைத் தாம் விரும்பிய அளவில் செய்தார். களைத்தபோது நிறுத்த அவரால் முடிந்தது. காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்தோருக்கு அந்த உரிமை இருந்ததா என்பதே அடுத்த கேள்வி.

*

இந்தியாவின் காலனியக் காப்பகங்கள் ரிட்ரீட்டின் மொழியைக் கடன்வாங்கின. சென்னையின் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட பரந்த நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. தோட்டவேலை, நெசவு, கயிறு திரித்தல், எண்ணெய் ஆட்டுதல் முதலியவை இந்தியக் காப்பகங்கள் பலவற்றில் அன்றாட ஒழுங்காயின. அறிக்கைகளில் இது சிகிச்சை என்று குறிக்கப்பட்டது; கணக்கேடுகளில் செலவைக் குறைக்கும் வருவாயாக எழுதப்பட்டது. வால்ட்ராட் எர்ன்ஸ்ட் உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் இந்த இரட்டைத்தன்மையை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஐரோப்பிய நோயாளிகளுக்கு வாசிப்பும் விளையாட்டும் பொருத்தம் என்றும், இந்திய நோயாளிகளுக்கு உடலுழைப்பே பொருத்தம் என்றும் நிலவிய பாகுபாடு அவ்வாய்வுகளில் வெளிப்படுகிறது.

பெங்களூரின் மனநோய்க் காப்பகமும் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. மைசூர் அரசு 1925இல் அதனை மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றியது. 1930களில் அது ஓசூர் சாலையை ஒட்டிய விரிந்த வளாகத்துக்கு மாறியது. அங்கு 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டும் 1974 டிசம்பர் 27 அன்று இணைந்து இன்றைய நிம்ஹான்ஸ் உருவானது. நெருக்கமான பழைய பேட்டைப் பகுதியை விட்டு மரங்கள் சூழ்ந்த வளாகத்துக்குச் சென்றதே ஒரு மருத்துவக் கருத்தின் வெளிப்பாடு. வெளியும் காற்றும் ஒழுங்கான வேலையும் மனத்தைச் சீர்செய்யும் என்று அக்காலம் நம்பியது. நிம்ஹான்ஸின் மறுவாழ்வுத் துறையில் தோட்டக்கலை இன்றும் ஒரு பயிற்சிப் பிரிவாக இருப்பது அந்த நம்பிக்கையின் தொடர்ச்சி.

இந்த முதல் தோட்டத்தில் குழந்தைகள் எங்கிருந்தனர்? பிரித்தானிய இந்தியாவின் 1912ஆம் ஆண்டு மனநோயாளர் சட்டம் அறிவுசார் குறைபாடு உடையவரையும் ‘லூனட்டிக்’ என்ற வரையறைக்குள்ளேயே வைத்தது. மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் இந்தியச் சட்டம் தெளிவாகப் பிரிக்க 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைக்குச் சட்டத்தின் கண்ணில் தனி அடையாளம் இல்லை. பெரியவர்களுக்கான உழைப்புத் தோட்டத்தின் ஓரத்தில் நிறுத்தப்படுவது, அல்லது வீட்டுக்குள் மறைக்கப்படுவது என்ற இரண்டே வழிகள் பெரும்பாலான குடும்பங்கள் முன் இருந்தன.

*

இந்தியாவில் செயல்முறை சிகிச்சை ஒரு கல்வித்துறையாக வேரூன்றியது கமலா நிம்ப்கர் என்ற ஒருவரின் முயற்சியால். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குவேக்கர் குடும்பத்தில் எலிசபெத் லண்டி என்ற பெயரில் பிறந்த அவர், இந்தியரை மணந்து 1930களின் தொடக்கத்தில் பம்பாயில் குடியேறினார். பின்னர் அமெரிக்காவில் இத்துறையைப் பயின்று திரும்பி, 1950இல் பம்பாய் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் இந்தியாவின் முதல் செயல்முறை சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் செயல்முறை சிகிச்சையாளர் சங்கம் உருவானது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு நிறுவப்பட்டபோது அதன் பத்து நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இத்துறை இன்னும் அறிமுகமாகாத காலம் அது.

யார்க்கின் டியூக்கும் பம்பாயின் நிம்ப்கரும் ஒரே சமய மரபினர். எனினும் நிம்ப்கர் தொடங்கிய பள்ளி தோட்டத்தில் அமையவில்லை. பெருநகர மருத்துவமனையின் கட்டடத்துக்குள் அமைந்தது. அதற்குக் காரணங்கள் உண்டு. இரண்டு உலகப் போர்களும் இத்துறையை எலும்பு, தசை, நரம்பு மறுவாழ்வின் பக்கம் திருப்பியிருந்தன. இந்தியாவில் போலியோ ஆண்டுதோறும் ஏராளமான குழந்தைகளின் கால்களை முடக்கியது. கைக்கட்டை, காலணிக் கட்டை, தசைப்பயிற்சி, அளவீடு ஆகியவை அறையில்தான் நடக்கும். மருத்துவரின் மதிப்பைப் பெற வேண்டிய புதிய துறை அளக்கக்கூடியவற்றையே முன்வைக்க வேண்டியிருந்தது. மரத்தடியில் மணல் அள்ளும் குழந்தையின் முன்னேற்றத்தைக் கோணமானியால் அளக்க முடியாது.

*

போலியோவின் வழியாகவே பெங்களூரில் இரண்டாவது தோட்டம் உருவானது. போலியோவால் பாதிக்கப்பட்ட என். எஸ். ஹேமா 1959இல் இந்நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சங்கத்தை நிறுவினார். ஏ.பி.டி. என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் அந்த அமைப்பு பள்ளி, தொழிற்பயிற்சி, உதவிக் கருவிகள் என்று விரிந்தது. அதன் பணிகளுள் தனித்து நிற்பது தோட்டக்கலைப் பயிற்சி. ஜீவன் பீமா நகரில் அது நடத்திய நாற்றங்காலுக்குச் செடி வாங்கச் சென்ற பெங்களூர்வாசிகள் பலர். விதைத்தல், ஒட்டுக்கட்டுதல், தொட்டி மாற்றுதல், விற்பனை ஆகியவற்றைக் கற்ற இளைஞர்கள் அதனைத் தம் வாழ்வாதாரமாக்கிக் கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

காப்பகத்தின் தோட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. அங்கு உழைப்பின் பயன் நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தது. இங்கு அது உழைப்பவரின் கைக்குச் சேர வேண்டும் என்று கருதப்பட்டது. அங்கு தோட்டத்தைச் சுற்றி மதில் இருந்தது; இங்கு வாடிக்கையாளர் உள்ளே வந்தனர், பயின்றவர் வெளியே சென்றனர். மேலும், இந்த அமைப்பைத் தொடங்கியவரே மாற்றுத்திறனாளி. எந்த வேலை யாருக்குப் பொருந்தும் என்று முடிவுசெய்யும் இடத்தில் முதன்முறையாக அந்த அனுபவத்தை உடையவர் அமர்ந்தார்.

எனினும் இத்தோட்டமும் இளைஞருக்கானது, பிழைப்பை நோக்கியது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அங்கு இயல்பான இடம் இல்லை.

*

குழந்தைகளுக்கான சிகிச்சை 1970களுக்குப் பின் புதிய பாதையில் சென்றது. கலிபோர்னியாவில் ஜீன் அயர்ஸ் 1972இல் வெளியிட்ட நூல் ‘புலன் ஒருங்கிணைவு’ என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. உட்செவியிலிருந்து வரும் சமநிலை உணர்வு, தசையும் மூட்டும் தரும் உடல்நிலை உணர்வு, தோலின் தொடுவுணர்வு ஆகியவற்றை மூளை ஒன்றுசேர்ப்பதில் ஏற்படும் இடர்கள், குழந்தையின் கற்றலையும் நடத்தையையும் பாதிக்கும் என்பது அதன் சாரம். இக்கோட்பாட்டின் அளவு கடந்த உரிமைகோரல்கள் குறித்து இன்றுவரை விவாதம் உண்டு. ஆயினும் உலகெங்கும் குழந்தைச் சிகிச்சை அறையின் தோற்றத்தை அதுவே மாற்றியது. கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல், சரிவுப்பலகை, பந்துத்தொட்டி, ஏறுசுவர், அரிசியும் பருப்பும் நிரப்பிய தட்டு ஆகியன அவ்வறையின் பொருட்கள்.

இப்பட்டியலைச் சற்று உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். ஊஞ்சல் மரக்கிளையின் இடத்தை நிரப்புகிறது. சரிவுப்பலகை பாறைச்சரிவை, ஏறுசுவர் அடிமரத்தை, அரிசித்தட்டு மணலை ஈடுசெய்கிறது. வால்நட் பண்ணையில் வளர்ந்த அயர்ஸின் கோட்பாடு, அந்தப் பண்ணை இயல்பாகத் தந்தவற்றையே அறைக்குள் மறுபடி கட்டியெழுப்பியது. மேற்கத்திய குளிர்காலத்துக்கும் காப்பீட்டு முறைக்கும் அவ்வறை பொருந்தியிருக்கலாம். ஆண்டின் பெரும்பகுதி மிதமான வெயிலும் காற்றும் கொண்ட, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருக்கும் அதே அறைதான் வந்து சேர்ந்தது.

1982இல் இந்திராநகரில் கர்நாடக ஸ்பாஸ்டிக் சங்கம் தொடங்கப்பட்டது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான முறையான சிகிச்சையும் கல்வியும் நகரில் அதன்பின் வலுப்பெற்றன. 1990களுக்குப் பின் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியோடு தனியார் சிகிச்சை மையங்கள் பெருகின. சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21ஆக விரித்து ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் சேர்த்தது. போலியோவின் கடைசித் தொற்று 2011 ஜனவரியில் பதிவானது. ஒரு தலைமுறைக்குள் செயல்முறை சிகிச்சையாளரை நாடி வரும் குழந்தையே மாறிவிட்டது.

அதே காலத்தில் நகரமும் மாறியது. பெங்களூரைச் சுற்றிய ஊர்கள் ஒவ்வொன்றிலும் மா, பலா, நாவல், புளி மரங்கள் நிறைந்த பொதுத்தோப்பு ஒன்று இருக்கும். கன்னடத்தில் அதனைக் குண்டுதோப்பு என்பர். ஹரிணி நாகேந்திராவும் அவருடன் பணிபுரிந்தோரும் இத்தோப்புகள் மறைந்ததை ஆவணப்படுத்தியுள்ளனர். 1970களிலிருந்து நான்கு பதிற்றாண்டுகளில் நகரின் தாவரப் பரப்பு மூன்றில் இரண்டு பங்கிற்கும் குறையாமல் சுருங்கியதாக இந்திய அறிவியல் நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழி ஆய்வுகள் காட்டுகின்றன. குழந்தை மரம் ஏறிய இடத்தில் அடுக்ககம் எழுந்தது. அதன் தரைத்தளத்தில் கட்டணத்துக்கு ஏறுசுவர் வைத்த மையம் திறக்கப்பட்டது. இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனால் பொதுவில் இலவசமாகக் கிடைத்த ஒன்று மணிக்கணக்கில் விற்கப்படும் சேவையானது என்பதைப் பொருளியல் வரலாறு கவனிக்காமல் இருக்க முடியாது.

*

எஞ்சியவை பூங்காக்கள். அவற்றுக்கும் ஒரு மருத்துவ வரலாறு உண்டு. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. நெரிசலும் காற்றோட்டமின்மையுமே நோயின் உறைவிடம் என்று கருதிய நிர்வாகம் அகன்ற தெருக்களும் திறந்தவெளிகளும் கொண்ட குடியிருப்புகளை ஊக்குவித்தது. 1890களில் திட்டமிடப்பட்ட பசவனகுடியும் மல்லேசுவரமும் அதன்பின் விரைந்து வளர்ந்தன. தண்டுப் பகுதியில் பிரேசர் டவுன் உருவானதும் அந்தப் பின்னணியில்தான். 1809இல் படைமுகாமாகத் தொடங்கிய தண்டுப் பகுதி, அல்சூர் தொடங்கிப் பல தலைமுறைகளாகத் தமிழர் வாழும் பகுதி என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

மூன்றாவது தோட்டம் இத்தகைய பகுதிகளில்தான் முளைத்தது. மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் முன்னின்று உருவாக்கிய ‘கிலிகிலி’ என்ற அறக்கட்டளை 2000களின் நடுப்பகுதியிலிருந்து மாநகராட்சியோடு இணைந்து பொதுப் பூங்காக்களை எல்லாக் குழந்தைகளும் விளையாடக்கூடியவையாக மாற்ற முற்பட்டது. பிரேசர் டவுனின் கோல்ஸ் பூங்கா, பசவனகுடியின் கிருஷ்ணராவ் பூங்கா, ராஜாஜிநகரின் காயத்ரி தேவி பூங்கா ஆகியவை அம்முயற்சியின் களங்கள். குழந்தையின் சிரிப்பொலியை நினைவூட்டும் அப்பெயரே அதன் கொள்கையையும் சொல்லிவிடுகிறது. சிறப்புக் குழந்தைகளுக்கென்று வேலியிட்ட தனிப் பூங்காவை அது கேட்கவில்லை. எல்லோரும் வரும் பூங்காவிலேயே, மற்ற குழந்தைகளின் நடுவிலேயே இடம் கேட்டது.

முந்தைய இரண்டு தோட்டங்களிலிருந்து இது மாறுபடும் இடம் இதுவே. இங்கு குழந்தை எதையும் விளைவிக்க வேண்டியதில்லை; எதற்கும் தயாராக வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பிற குழந்தைகளுக்கு இணையாகப் பங்கேற்பதை உரிமையாகக் கூறுகிறது. இந்தியா அதனை 2007இல் ஏற்றது.

*

அப்படியானால் பூங்காவில் செயல்முறை சிகிச்சையாளருக்கு என்ன வேலை? குழந்தையை வெளியே விட்டால் போதாதா?

போதாது என்பதற்கு இந்நகரிலேயே சான்று உண்டு. கட்டுமானத் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகள் மணற்குவியலிலும் செங்கல் அடுக்கிலும்தான் வளர்கின்றனர். அவர்களுக்கு வெளி தாராளமாகக் கிடைக்கிறது; பாதுகாப்பும், கண்டறிதலும், உதவியும் கிடைப்பதில்லை. வெளியைச் சிகிச்சையாக மாற்றுவது பயிற்சி பெற்ற ஒருவரின் கவனமே. ஈரமான எதையும் தொட மறுக்கும் ஆறு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். தேர்ந்த சிகிச்சையாளர் அவள் கையைப் பிடித்துச் சேற்றில் வைக்க மாட்டார். முதலில் காய்ந்த இலை, அடுத்து சொரசொரப்பான பட்டை, பின்பு பூவாளியிலிருந்து விழும் நீர், கடைசியில் அந்த நீர் நனைத்த மண் என்று படிப்படியாக வரிசை அமைப்பார். பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிச் செல்லும்போது தோளும் இடுப்பும் உறுதிபெறுகின்றன. குந்தி அமர்ந்து விதை ஊன்றும்போது கணுக்காலும் முதுகும் சமநிலையைப் பழகுகின்றன. நாளை பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் இன்று சரக்கொன்றைக் காயை உடைக்கின்றன. லால்பாக்கின் நடுவே நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைமையுடையது. ஒரே சரிவில் எளிய பாதையும் கடினமான பாதையும் அருகருகே இருப்பதால் குழந்தை தனக்கு இயன்றதைத் தானே தேர்ந்தெடுக்கலாம். 1760இல் ஹைதர் அலி தோட்டம் அமைத்தபோது எவரும் அதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆய்வுச் சான்றுகளும் உண்டு. அவற்றுக்கு எல்லையும் உண்டு. ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லரும் பிரான்சிஸ் குவோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறைவுக் கோளாறுடைய குழந்தைகள் பூங்காவில் 20 நிமிடம் நடந்தபின் அடைந்த கவனக்குவிப்பு, நகர மையத்திலும் குடியிருப்புத் தெருவிலும் நடந்தபின் இருந்ததைவிட மேம்பட்டிருந்தது. பங்கேற்றவர்கள் 17 குழந்தைகள் மட்டுமே. ஊக்கமளிக்கும் முடிவு என்று சொல்லலாம். எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் விதி என்று சொல்லிவிட முடியாது. பெங்களூருக்கே உரிய இடர்களும் இருக்கின்றன. பார்த்தீனியச் செடியும் மகரந்தத்தூளும் மூச்சிரைப்புள்ள குழந்தையைத் துன்புறுத்தும். தெருநாய், தேன்கூடு, மாலை நேரத் திடீர் மழை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாத திட்டம் ஒரே பருவத்தில் சிதைந்துவிடும். ஒலியையும் வெளிச்சத்தையும் தாங்க இயலாத சில குழந்தைகளுக்கு அமைதியான அறையே முதல் புகலிடம். அறையைக் கைவிடுவது இம்முறையின் நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. அறைக்கும் வெளிக்கும் இடையே குழந்தை சென்று வரும் வழி திறந்திருந்தால் போதும்.

*

அந்த வழியில் நிற்கும் தடைகள் மருத்துவம் சார்ந்தவை அல்ல. பெங்களூரின் பூங்காக்கள் பல, 2024 வரை காலை நடைப்பயிற்சியாளர் சென்றபின் பராமரிப்புக்கென மூடப்பட்டு வந்தன. கூட்டமும் இரைச்சலும் குறைந்த அந்த முற்பகல் நேரமே சிகிச்சைக்கு ஏற்றது. புல்லில் நடக்காதீர், மரத்தில் ஏறாதீர், விளையாடாதீர் என்ற பலகைகள் வாயிலில் வரவேற்கின்றன. 1985ஆம் ஆண்டுக் கர்நாடகப் பூங்காக்கள் சட்டம் திறந்தவெளியை வேறு பயன்பாட்டுக்கு மாற்றாமல் காக்கிறது. காக்கப்பட்ட வெளியை யார், எந்த நேரத்தில், எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது நாள்தோறும் காவலாளியும் குடியிருப்போர் சங்கமும் முடிவுசெய்யும் விடயமாகவே இருக்கிறது. சத்தமிட்டுச் சுழலும் குழந்தையைப் பார்த்து முகம் சுளிப்பவர் ஒருவர் இருந்தாலும் அந்தத் தாய் மறுநாள் வரத் தயங்குவாள்.

கட்டமைப்பும் ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடக்கூடியது அன்று. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடலருகே செல்வதற்கான நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. இரண்டே வாரங்களில் மாண்டஸ் புயல் அதனைச் சேதப்படுத்தியது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. முதல்முறை கடலில் கால்நனைத்தவர்களின் மகிழ்ச்சியைப் போலவே அந்தச் சீரமைப்பும் வரலாற்றில் பதியத் தக்கது. உரிமை நிலைப்பது திறப்புவிழாவோடு முடிவதில்லை. அடுத்த புயலுக்குப் பின்னும் நிதி ஒதுக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தது.

செயல்முறை சிகிச்சை உள்ளிட்ட துறைகளை முறைப்படுத்தும் தேசியச் சட்டம் 2021இல் வந்துள்ளது. பாடத்திட்டங்கள் மாற்றியமைக்கப்படும் காலம் இது. திறந்தவெளிப் பயிற்சி அவற்றில் இடம்பெறுமானால் அதனுடன் இந்த வரலாறும் இடம்பெற வேண்டும். தோட்டம் தன்னளவில் கருணையும் அன்று, கொடுமையும் அன்று. ஒரே மண்வெட்டி காப்பகத்தில் ஊதியமற்ற உழைப்பாகவும், நாற்றங்காலில் மாதச் சம்பளமாகவும், பூங்காவில் விளையாட்டாகவும் இருந்திருக்கிறது. மண்வெட்டியைப் பிடித்தவருக்கு அதைக் கீழே வைக்கும் உரிமை இருந்ததா என்பதே மூன்றையும் பிரித்தறியும் அளவுகோல்.

பேச்சு வராத குழந்தையும் ‘போதும்’ என்று சொல்லும். கையை இழுத்துக்கொள்ளும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், மரத்தின் மறுபக்கம் போய் நின்றுகொள்ளும். அதைக் கேட்டு வாளியை வாங்கிக் கீழே வைக்கும் சிகிச்சையாளர் மூன்றாவது தோட்டத்தில் இருக்கிறார். இலக்கு நிறைவேற இன்னும் ஐந்து நிமிடம் என்று வற்புறுத்துபவர், அவர் நிற்பது எவ்வளவு அழகிய பூங்காவானாலும், முதல் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார்.